பால்வெட்டுத் தலைவிளக்கின் கீல்

நாகர்கோவிலுக்கு வடக்கே, தடிக்காரன்கோணத்தைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கீரிப்பாறையைச் சுற்றிய மலைச்சரிவுகளில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1960-களில் தமிழ்நாடு வனத்துறை இம்மாவட்டத்தில் தொடங்கிய ரப்பர் தோட்டங்களை 1984-இல் உருவான அரசு ரப்பர் கழகம் பின்னர் ஏற்று நடத்தத் தொடங்கியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இத்தோட்டங்களின் வேலையைக் கொண்டே இம்மலைப்பகுதியில் வேரூன்றின. இங்கும், சுற்றியுள்ள தனியார் தோட்டங்களிலும் பால்வெட்டு இருளிலேயே தொடங்கிவிடுவதால், கத்திக்கும் சிரட்டைக்கும் அடுத்தபடியாக இத்தொழிலின் இன்றியமையாத கருவியாக இருப்பது நெற்றியில் கட்டிக்கொள்ளும் மின்விளக்காகும். அந்த விளக்கு எவ்வளவு தூரம் ஒளி வீசும், ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணி நேரம் எரியும் என்பவற்றை விற்பவரும் வாங்குபவரும் கேட்டறிகின்றனர். ஆனால் விளக்கையும் தலைப்பட்டையையும் இணைத்து, ஒளியை மேலும் கீழும் திருப்ப உதவும் சிறிய கீலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தொழிலாளியின் கழுத்து எவ்வளவு வளைய வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கீல்தான்.

இருட்டில் வேலை செய்ய வேண்டிய தேவை மரத்தின் இயல்பிலிருந்து வருகிறது. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் நுண்ணிய பால்நாளங்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இரவில் இலைகளிலிருந்து நீர் ஆவியாவது ஏறத்தாழ நின்றுவிடுவதால் அந்நாளங்கள் நீர் நிறைந்து விறைக்கின்றன; செல் சுவரின்மீது உள்ளிருந்து நீர் செலுத்தும் இவ்வழுத்தத்தை விறைப்பழுத்தம் என்பர். விடியலுக்கு முன் அது வளிமண்டல அழுத்தத்தின் 10 மடங்கையும் தாண்டி நிற்கிறது. வெயில் ஏறியதும் நீராவிப்போக்கு கூடி, அழுத்தம் குறைந்து, வெட்டிலிருந்து வழியும் பாலும் குறைகிறது. காலை நேரத்தை இழப்பது விளைச்சலை இழப்பதாகும் என்பதால், பால்வெட்டுபவருக்குச் சூரிய ஒளி பயன்படும் நேரத்தில் மரத்தின் நல்ல நேரம் கடந்துபோய்விடுகிறது.

இருளில் அவர் காண வேண்டியதோ மிக நுண்மையானது. பட்டையின் வெளிப்புறத்தில் தக்கைப் படலமும், அதற்குள் கல்செல்கள் நிறைந்த கடினமான பகுதியும், அதற்கும் உள்ளே பால்நாளங்கள் செறிந்த மென்பகுதியும் இருக்கின்றன. அதன் உள்விளிம்பில், மரத்தைப் பருக்கச் செய்யும் வளர்திசுவாகிய கேம்பியம் ஒரு மெல்லிய படலமாக உள்ளது. பால்நாளங்கள் பெரும்பாலும் கேம்பியத்தை ஒட்டியே அமைந்திருப்பதால், கத்தி அதற்கு ஏறத்தாழ 1 மி.மீ. தொலைவு வரை செல்ல வேண்டும், அதைத் தொட்டுவிடவும் கூடாது. தொட்டால் அவ்விடத்தில் காயம் முடிச்சாகப் புடைத்து, பின்னாளில் வளரும் புதுப்பட்டை வெட்டுவதற்கு உதவாமல் போகிறது. ஒட்டுக்கன்றுகளில் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மி.மீ. அளவுக்கே பட்டையைச் சீவி எடுக்கும் இவ்வேலையை ஒருவர் ஒரே காலையில் 300 மரங்களுக்கு மேல் செய்து முடிக்கிறார். மென்பட்டையின் நிறமாற்றத்தைக் கண் பிடித்துக்கொண்டால்தான் கத்தி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்பதால், ஒளி வெட்டின்மீது சரியாக விழுவதைச் சார்ந்தே மரத்தின் ஆயுள் அமைகிறது என்பது மிகையாகாது.

ஒளியைத் தருவது நெடுங்காலம் கடினமான சிக்கலாக இருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள், கால்சியம் கார்பைடில் நீர் சொட்டி உண்டாகும் அசிட்டிலின் வாயுவை எரிக்கும் கார்பைடு விளக்குகளை நெற்றியில் கட்டிக்கொண்டு பால்வெட்டினர். நெற்றிக்கு மின்விளக்கைக் கொண்டு வந்தது சுரங்கத் தொழில்; 1910-களின் நடுவில் தாமஸ் எடிசன் உருவாக்கிய சுரங்க விளக்கில் மின்கலம் இடுப்பிலும், விளக்கு தொப்பியிலும், இரண்டையும் இணைக்கும் கம்பி முதுகிலும் இருந்தன. 1990-களில் ஜப்பானில் பிரகாசமான நீல ஒளி டயோடுகள் உருவாகி, அவற்றிலிருந்து வெள்ளை எல்.இ.டி. பிறந்ததும், லித்தியம் அயனி மின்கலம் பரவலானதும் பழைய சிக்கலைத் தீர்த்துவைத்தன. இன்று விரல் அளவுள்ள விளக்கே ஒரு காலை வேலைக்குப் போதிய ஒளியைத் தருகிறது. ஆயினும் கடைகளில் கிடைக்கும் தலைவிளக்குகளில் பெரும்பாலானவை நடைப்பயணத்தையோ வேட்டைத் தேடலையோ மனத்தில் கொண்டு, தொலைவில் குறுகிய வட்டமாக ஒளி பாய்ச்சும்படி அமைக்கப்பட்டவை. அரை மீட்டர் தொலைவிலுள்ள வளைந்த பட்டையைப் பார்ப்பதற்கு வேறோர் அமைப்பு வேண்டும்.

அவ்வமைப்பை எண்ணும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, கண் அதன் குழிக்குள் தானே சுழலக்கூடியது, நெற்றி விளக்கோ தலையோடு மட்டுமே சுழலக்கூடியது என்பதாகும். கீழே பார்க்கும்போது மனிதர் தலையை மட்டும் கவிழ்ப்பதில்லை. பார்வையின் ஒரு பகுதிச் சாய்வைக் கண்களே ஏற்றுக்கொள்கின்றன. 50 செ.மீ. கீழே, 45 செ.மீ. முன்னே உள்ள வெட்டைப் பார்க்க நோக்குக்கோடு ஏறத்தாழ 48 பாகை சாய வேண்டும். அதில் 20 பாகையைக் கண்கள் எடுத்துக்கொண்டால் கழுத்துக்கு 28 பாகையே மிஞ்சுகிறது. விளக்கு தலைக்கு நேர்முன்னே நோக்கியபடி இருக்குமானால், கண் பார்க்கும் இடத்திற்கு வெகுமேலே ஒளி விழும். அதைக் கீழே கொண்டுவரத் தொழிலாளி கண்ணுக்குத் தேவையில்லாத அளவுக்குக் கழுத்தைக் கூடுதலாக வளைப்பார். கீல் செய்யத் தவறிய வேலையைக் கழுத்து செய்கிறது; நாலைந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்கிக்கொண்டு, ஒரே காலையில் நூற்றுக்கணக்கான முறை செய்கிறது. பால்வெட்டுத் தொழிலாளர்களின் கழுத்து வலியை வயதின் குறையாகவோ உழைப்பின் இயல்பாகவோ கொள்வதற்கு முன்பு, அவர்களின் விளக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பது நியாயமாகும்.

இதனுடன் மற்றொரு சிறு கோணமும் சேர்கிறது. விளக்கு கண்ணுக்கு ஏறத்தாழ 8 செ.மீ. மேலே இருப்பதால், 45 செ.மீ. தொலைவிலுள்ள பொருளைப் பொறுத்தவரை அது கண்ணின் நோக்கைவிட மேலும் 10 பாகை கீழே திரும்ப வேண்டும். எனவே பால்வெட்டும்போது, தலை நேராக நோக்கும் திசையிலிருந்து விளக்கு 30 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும் என்று கொள்ளலாம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்கு நடக்கையில் நிலை மாறுகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள கண், 3 மீட்டருக்கு முன்னே தரையைப் பார்க்க நோக்குக்கோடு 27 பாகை சாய்ந்தால் போதும். அதில் பெரும்பகுதியைக் கண்களே ஏற்க, விளக்கின் தேவையான சாய்வு 20 பாகையை ஒட்டி நிற்கிறது. சரிந்த நிலமும், ஈரப் பாறையும், பாம்புக்குரிய எச்சரிக்கையும் கொண்ட மலைத்தோட்டத்தில் காலடி தெரிவது வெட்டு தெரிவதற்குச் சற்றும் குறைந்த தேவையன்று.

முதல் பார்வைக்கு, ஒவ்வொரு மரத்திலும் இருமுறை கீலைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்று தோன்றும். ஒரு காலையில் 600 முறை எவரும் அதைச் செய்யமாட்டார். ஒரு கையில் கத்தியும் மறு கையில் பழைய வெட்டில் உலர்ந்து படிந்த ஒட்டுப்பாலும் இருக்கையில் செய்யவும் முடியாது. ஆனால் இரண்டு தேவைகளுக்கும் உள்ள வேறுபாடு 10 பாகையே என்பது சிக்கலை எளிதாக்குகிறது. பால்வெட்டத் தொடங்கும் மரத்தின் சுற்றளவு சுமார் 50 செ.மீ. என்றால் அதன் விட்டம் 16 செ.மீ.; பாதிச் சுற்று வெட்டு அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 14 செ.மீ. இறங்குகிறது. இப்பரப்பு முழுவதும் ஒரே பார்வையில் தெரிய, 30 பாகை அளவுக்கு விரியும் ஒளிக்கற்றை போதும், 45 செ.மீ. தொலைவில் அது 24 செ.மீ. விட்டமுள்ள ஒளிவட்டமாகிறது. அத்தகைய விளக்கை 25 பாகைச் சாய்வில் நிறுத்தினால், வெட்டும் தடமும் கீலைத் தொடாமலே ஒளிக்குள் வந்துவிடுகின்றன. அன்றாடத் தேவையை ஒளியின் விரிவு நிறைவேற்ற, மாதக்கணக்கில் மாறும் தேவைக்கு மட்டும் கீல் இயங்கினால் போதும் என்ற முடிவுக்கு இது இட்டுச் செல்கிறது.

மாதக்கணக்கில் ஏன் மாறுகிறது என்பதற்கும் மரமே விடை தருகிறது. ஒட்டுக்கன்றுகளில் முதல் வெட்டு ஒட்டுப்பகுதியிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் தொடங்குகிறது; பட்டை சீவப்படச் சீவப்பட வெட்டு கீழே இறங்கி, சில ஆண்டுகளில் மரத்தின் அடியை நெருங்குகிறது. தொடக்கத்தில் நிமிர்ந்து செய்த வேலை பின்னர் குனிந்தும், முழங்கால் மடித்தும் செய்யும் வேலையாக மாறுகிறது. முதிர்ந்த மரங்களில், அடிப்பட்டை தீர்ந்தபின், நீண்ட கைப்பிடியுள்ள கத்தியால் மேல்பட்டையைக் கீழிருந்து மேலாக வெட்டும் முறையும் உண்டு. அப்போது கண்கள் மேல்நோக்கித் திரும்புவதால் விளக்கும் நேர்நிலைக்கு மேலே 15 பாகை வரை எழ வேண்டும். கீழ்நோக்கி மட்டுமே சாயும் கீலுள்ள விளக்கை அணிந்தவர் அந்த 15 பாகையையும் பிடரியை மடக்கியே ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

திருப்பிய கோணத்தில் விளக்கை நிறுத்திவைப்பது எப்படி என்ற வினாவுக்கு மின்விளக்கின் வரலாறு பல விடைகளைத் தந்துள்ளது. அவற்றுள் மிக நேர்த்தியானது, மோட்டார் வாகனங்களின் அதிர்வுதாங்கி அமைப்புகளில் பணியாற்றிய ஆங்கிலப் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டீன் 1932-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மேசைவிளக்காகும். ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம் அதனை 1934-இல் நான்கு சுருள்வில்களோடும், அடுத்த ஆண்டு வீட்டுப் பயன்பாட்டிற்கு மூன்று சுருள்வில்களோடும் ஆங்கிள்பாய்ஸ் என்னும் பெயரில் செய்து விற்றது. 1937-இல் நார்வே நாட்டின் ஜேக்கப் ஜேக்கப்சன் அக்கருத்தைத் தழுவி லக்ஸோ எல்-1 விளக்கை உருவாக்கினார். விளக்கின் கை சாயும்போது அதன் எடை கையைச் சுழற்ற முயலும் ஆற்றல் கூடுகிறது. அச்சிலிருந்து விசை விலகியிருப்பதால் உண்டாகும் இச்சுழற்றும் விளைவைத் திருப்புத்திறன் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. கார்வர்டீனின் சுருள்வில்கள், கை எந்தக் கோணத்தில் இருந்தாலும் எடையின் திருப்புத்திறனுக்குச் சமமான எதிர்த் திருப்புத்திறனைத் தரும்படி பொருத்தப்பட்டவை. அதனால் விளக்கை ஒரு விரலால் நகர்த்தலாம், விட்ட இடத்தில் அது நிற்கும். கிணற்றுத் துலாவின் பின்முனையில் கட்டிய கல், நீர் நிறைந்த வாளியின் சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது போன்றது இது.

வளையும் கழுத்துள்ள விளக்கு வேறு வழியைப் பின்பற்றுகிறது. சுருளாகச் சுற்றிய எஃகுக் கம்பியின் இடைவெளிகளில் முக்கோண வெட்டுமுகமுள்ள மற்றொரு கம்பியைச் செருகி இறுக்கிய இக்கழுத்தில், ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றோடு உராய்வதால் வளைத்த நிலை மாறாமல் நிற்கிறது. தையல் எந்திரத்திற்கும் கடைசல் எந்திரத்திற்கும் இது ஏற்றது. நெற்றிக்கு ஏற்றதன்று, ஒவ்வொரு அடி வைப்பிலும் அதன் முனை அதிர்ந்து, ஒளி பட்டையின்மேல் ஆடிக்கொண்டே இருக்கும்.

தலைவிளக்குகளில் வழக்கமாகக் காணப்படுவது பற்களுள்ள கீல். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குச் சொடுக்கென்று தாவும் இக்கீல், உராய்வு தேய்ந்தாலும் வழுக்காது என்ற நன்மையுடையது. ஆனால் ஒரு தாவல் 15 பாகையாக இருந்தால், வெட்டின்மீது ஒளி ஒரே அடியில் 12 செ.மீ. நகர்கிறது, அதாவது மேலே கூறிய ஒளிவட்டத்தின் சரிபாதி. வேண்டிய கோணம் இரண்டு பற்களுக்கு நடுவில் அமைந்துவிட்டால், மிச்சம் மீண்டும் கழுத்தின் பங்காகிவிடும். தாவல் 5 பாகையானால் நகர்வு 4 செ.மீ. மட்டுமே, எனினும் பற்கள் சிறுத்து விரைவில் மழுங்கும். தோட்டத்தில் அவற்றுக்கு இன்னொரு பகையும் உண்டு. விரலில் ஒட்டிய ரப்பர் பால் பற்களுக்கிடையே உலர்ந்து சவ்வாகப் படிந்தால் கீல் பாதியில் சிக்கி நின்றுவிடும். வியர்வையின் உப்பு உலோகத் திருகை அரிக்கும். எனவே பற்கள் திறந்திராமல் மூடிக்குள் அடங்கியிருப்பதும், தொடும் விளிம்பு ஈரக்கை வழுக்காதபடி அகலமாகவும் வரியோடும் இருப்பதும் இங்கு அலங்கார விவரங்கள் அல்ல.

இறுக்கமான உராய்வுக் கீலே போதுமே என்ற எண்ணமும் எழக்கூடும். இறுக்கம் கூடக்கூட அதைத் திருப்புவதற்கு வேண்டிய விசையும் கூடி, விளக்குக்குப் பதிலாகத் தலைப்பட்டையே நெற்றியில் வழுக்கிச் சுழலும். கார்வர்டீனின் பாடம் இங்குதான் பயன் தருகிறது: பிடிப்பைக் கூட்டுவதற்கு முன் பிடிக்க வேண்டிய சுமையைக் குறைக்க வேண்டும். மின்கலமும் விளக்கும் ஒரே கூட்டில் அமைந்து, மொத்தம் 120 கிராம் எடையோடு, ஈர்ப்பு மையம் கீலின் அச்சுக்கு 3 செ.மீ. முன்னே நிற்கிறது என்று கொண்டால், கீல் தாங்க வேண்டிய திருப்புத்திறன் 360 கிராம்-செ.மீ.; தொழிலாளி சட்டென்று குனிந்து நிமிரும் அதிர்ச்சியில் இது மேலும் உயரும். மின்கலத்தைப் பிரித்து, 40 கிராம் விளக்கை மட்டும் முன்னே வைத்து, ஈர்ப்பு மையத்தை அச்சுக்கு ஒன்றரை செ.மீ. தொலைவுக்குள் கொண்டுவந்தால் அது 60 ஆகிவிடுகிறது. முன்பு இருந்ததில் ஆறில் ஒரு பங்கு! இன்னும் ஒருபடி சென்று, விளக்கின் இரு பக்கங்களிலும், அதன் ஈர்ப்பு மையத்தின் வழியாகவே கீலின் அச்சு செல்லும்படி ஒரு கவையில் பொருத்தினால், எடையால் வரும் திருப்புத்திறன் ஏறத்தாழ மறைந்துபோகும்; அப்போது மென்மையான உராய்வே விளக்கை எந்தக் கோணத்திலும் நிறுத்தப் போதுமாதலால், பற்களே தேவைப்படாது. சுருள்வில் எதுவும் இல்லாமல் கார்வர்டீனின் பயனைப் பெறும் எளிய வழி இதுவே.

பிரித்த மின்கலத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரு தேர்வு தேவைப்படுகிறது. பின்தலையில் வைத்தால் நிமிர்ந்திருக்கையில் முன்பின் எடை சமன்படும்; ஆனால் குனிந்து வேலை செய்யும்போது இரண்டு எடைகளையும் கழுத்தே சுமக்கிறது. எடிசனைப் பின்பற்றி இடுப்பில் வைத்தால் கழுத்து விடுதலை பெறும். கம்பி மட்டும் கிளைகளில் சிக்காதபடி முதுகுப்புறமாகச் செல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் குனியும் தொழிலுக்கு இடுப்பே உகந்த இடம் என்பதில் ஐயமில்லை. கம்பி விளக்கினுள் நுழையும் இடத்தில் ஒரு சிறு வளையமாகத் தளர்த்தி விடப்பட்டு, அதன் உறை கூட்டோடு பற்றிக்கொள்ளப்பட்டிருந்தால், கீல் திரும்பும்போது செம்பு இழைகள் ஒரே இடத்தில் மடிந்து அறுவது தவிர்க்கப்படும்.

விளக்கைத் தாங்கும் நெகிழ்பட்டையும் இத்தொழிலோடு உறவுடையது. தோட்டப் பாலைச் சுழற்றிச் செறிவாக்கிய ரப்பர் பாலிலிருந்து நெகிழ்நூல் செய்யப்படுகிறது. மீள்தன்மையுள்ள பட்டைகள் பலவற்றில் அந்நூலே ஊடாக ஓடுகிறது. அப்பட்டை வியர்வையிலும் வெப்பத்திலும் நாளடைவில் தளர்ந்து, விளக்கு நெற்றியில் இறங்க, அமைத்த கோணமும் மெல்ல மாறிவிடுகிறது. உச்சந்தலை வழியாகச் செல்லும் மூன்றாவது பட்டை இவ்விறக்கத்தைத் தடுக்கும் என்பதால், மலிவு கருதி அதை விலக்குவது பொருத்தமற்றது.

தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில், மரங்களுக்கே வெட்டின் மேல் பாலித்தீன் மழைக்காப்புக் கட்டப்படுகிறது. விளக்குக்கு அத்தகைய காப்பைத் தருவதில், ஒளியூட்டும் பகுதியை முற்றிலும் மூடி, கீலைப் பிரித்து எடுக்கத்தக்கதாக வைப்பதே நல்லது. கீலின் திருகும் வளையமும், நாகர்கோவிலிலோ குலசேகரத்திலோ உள்ள எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும் பொது அளவில் இருக்குமானால், தேய்ந்த ஒரு வளையத்திற்காக முழு விளக்கையும் எறிய வேண்டியிராது.

ஏற்கெனவே கையிலுள்ள விளக்கையும் ஓரளவு சீராக்கிக்கொள்ளலாம். மரத்தில் வெட்டு இருக்கும் உயரத்தை வீட்டுச் சுவரில் குறித்து, அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் வேலை செய்யும் தோரணையிலேயே நின்று, கழுத்து இயல்பாக இருக்கக் கண்ணால் குறியைப் பார்த்தபடி, ஒளிவட்டத்தின் நடு குறிக்கு இரு விரல் அகலம் மேலே விழும்வரை கீலைத் திருப்ப வேண்டும். பின்னர் அதே சாய்வில் முற்றத்தில் நடந்து பார்த்தால், ஒளி ஒன்றரை மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரையுள்ள தரையை நிறைக்க வேண்டும். அருகில் மட்டும் விழுமானால் ஒளிக்கற்றை குறுகியது என்று பொருள், முகப்பில் ஒளியைப் பரப்பும் மங்கலான தாளை ஒட்டி அதை விரிக்கலாம். வெட்டு ஓரிரு சாண் இறங்கிய பின்னர் குறியையும் இறக்கி, இதே சோதனையைத் திரும்பச் செய்வது போதுமானது.